நனைந்த மெத்தைகள்

விடியும்போது மழை விட்டிருந்தது. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

மெத்தைக்கடை வீட்டின் மூத்த மருமகள் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தாள். சாக்கடையும் மழைநீரும் கலந்து, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்க, தெரு முழுக்க ஒரு கறுப்புக் குழம்பு. அதில் யாருடைய செருப்போ, எந்தக் குழந்தையின் டயப்பரோ, வயிறு உப்பிய ஒரு எலி. எல்லாம் மெதுவாக ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன.

அவளுக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது. தங்கை வீடும் தாழ்ந்த தெருவில்தான். அப்பாவும் அங்கேதான் படுத்த படுக்கையாக இருக்கிறார். போன் செய்து கேட்கலாம். ஆனால் அக்காவும் தங்கையும் பேசி மாதக்கணக்காகிவிட்டது.

காரணம் ஒரு நாற்றம். பெரியவள் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பாவின் அறையில் குப்பென்று அடித்த நாற்றம். "அப்பாவ ஒழுங்காத் துடைச்சு விடுறியா இல்லையாடி?" என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"பீ அள்ளுறவ நான். வாரத்துக்கு ஒரு தடவை வந்து மூக்கைப் பொத்திட்டுப் போறவ நீ. நீ பேசுறியா?" என்று தங்கை கதவைச் சாத்தினாள். அதோடு சரி.

"பெரியவளே!" உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "குடோன்ல தண்ணி புகுந்துடுச்சாம். வண்டிய எடும்மா. சின்னவனும் வருவான்."

பெரியவள் கல்யாணத்துக்கு முன்பு பள்ளி வேன் ஓட்டியவள். கடையின் டிரைவர் நின்றுபோன பிறகு பிக்கப் வண்டி அவள் கைக்கு வந்தது. சரக்கு ஏற்றுவது, இறக்குவது, வீடு வீடாகக் கொடுப்பது எல்லாம் அவள்தான். கணவன் கல்லாவில் இருப்பான். நேற்று மழை வலுத்ததும் அங்கேயே தங்கிவிட்டான்.

சின்னவன், அதாவது கொழுந்தன், வெள்ளை ஷூவும் கைக்குட்டையுமாக வந்து ஏறினான். வண்டிக்குள் சென்ட் வாசனை நிறைந்தது. வெளியிலிருந்து சாக்கடை நாற்றம். இரண்டும் சேர்ந்ததில் பெரியவளுக்குத் தலை வலித்தது.

"கண்ணாடிய ஏத்துங்க அண்ணி. குடலப் புடுங்குது."

"திறந்தே இருக்கட்டும் தம்பி. தண்ணில மாட்டினா கதவு திறக்காது. ஜன்னல் வழியாத்தான் வெளிய வரணும். பெல்ட்டும் போடாதீங்க."

"ஏன் பயமுறுத்துறீங்க?"

"பயமுறுத்தல. சொல்றேன்."

அவள் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, ரோட்டின் நடுமுதுகைப் பிடித்து ஓட்டினாள். இரண்டு ஓரமும் தாழ்வு. வடிகாலின் மூடி எங்கே திறந்து கிடக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆக்ஸிலேட்டரில் ஒரே சீரான மிதி. வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழுந்து கூடவே வந்தது. அதற்குமேல் வேகம் போனால் அந்த அலை பக்கத்து வீடுகளுக்குள் புகும்.

பின்னால் ஒரு பெரிய கார் ஹாரன் அடித்தபடி வந்து, இவர்களை முந்திச் சீறியது. அது கிளப்பிய அழுக்கு அலை ஒரு வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. துடைப்பத்தோடு நின்றிருந்த ஒரு பெண் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அடுத்த வளைவில் அந்தக் கார் இருமி நின்றது. ஓட்டி வந்தவன் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகினான்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று பெரியவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "தண்ணி உள்ள போயிருக்கும். இன்ஜினே போயிடும்!"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் திருகினான். உள்ளே ஏதோ மடாரென்று உடையும் சத்தம் கேட்டது.

"செத்துது" என்று சின்னவன் சிரித்தான். வாசலில் நின்ற பெண்ணைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

குடோனில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அடிவரிசை மெத்தைகள் குடிக்க முடிந்த மட்டும் குடித்து, பன்றிபோல் ஊதிக் கிடந்தன. மேலே பரணில் இருந்தவை காய்ந்தே இருந்தன. பெரியவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"மேல இருக்கறது தப்பிச்சுது. அத ஏத்திடலாம் தம்பி."

"மேல இருக்கறது அங்கயே இருக்கட்டும் அண்ணி. கீழ இருக்கறத ஏத்துங்கப்பா!"

சுமை தூக்கும் ஆட்கள் இருவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு மெத்தையைத் தூக்கும்போதும் அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. ஒன்றின் மடிப்பில் கழிவறைக் காகிதம் கூழாக ஒட்டியிருந்தது. தூக்கியவர் முகத்தைத் திருப்பிக் காறித் துப்பினார்.

"எங்க கொட்டணும்? குப்பைக் கிடங்குக்கா?" என்று பெரியவள் கேட்டாள்.

"குப்பையா?" சின்னவன் சிரித்தான். "ஷெட்டுக்குப் போங்க. முழு லோடும்."

ஷெட் என்பது ஊருக்கு வெளியே, மேட்டில், உறை தைக்கும் இடம். பெரியவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கையில் ஒட்டிய பிசுக்கைத் துடைக்க இடமில்லாமல் வண்டிச் சக்கரத்திலேயே தேய்த்தாள்.

ஷெட்டுக்குப் போகும் வழியில் கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினாள். பாலத்தின் மேலே தண்ணீர் குறுக்காக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் கணுக்கால் அளவுதான்.

"இதுல போயிட்டா சீக்கிரம் போயிடலாம்" என்றான் சின்னவன்.

"நிக்கிற தண்ணின்னா பாக்கலாம். இது ஓடுற தண்ணி. வண்டிய அப்படியே தள்ளிட்டுப் போயிடும்."

"இவ்வளவு வெயிட் இருக்கே பின்னாடி!"

"வெயிட் இருந்தாலும் தள்ளும்." அவள் ரிவர்ஸ் எடுத்தாள்.

சுற்றுவழியில் ஒரு நீளமான பள்ளத்தெரு. தண்ணீர் அசையாமல் நின்றது. எதிரே வந்த ஒரு லாரி கடந்து முடியும்வரை காத்திருந்து, அதன் சக்கரம் எவ்வளவு முங்கியது என்று பார்த்துக்கொண்டு பெரியவள் இறங்கினாள். பாதித் தெரு தாண்டியபோது, நேராகப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஷெட்டுல இத என்ன பண்ணுவீங்க?"

"காய வைப்போம். மேல் துணிய உரிச்சு, பவுடர் அடிச்சு, புது உறை தச்சு, பிளாஸ்டிக் கவர் போட்டா முடிஞ்சுது. புதுசுக்கும் இதுக்கும் உங்களாலயே வித்தியாசம் சொல்ல முடியாது."

"மனுஷங்க படுக்கறது தம்பி அது!"

"போன மழைல நனைஞ்சதுலயும் மனுஷங்கதான் படுத்திருக்காங்க. யாரு செத்தா? உங்கப்பாவே..."

அவன் சட்டென்று நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"எங்கப்பா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ரோட்டப் பாருங்க."

"ரோட்டத்தான் பாத்துட்டிருக்கேன். நீ சொல்லு."

'நீங்க' போய் 'நீ' வந்ததை அவன் கவனித்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல. அப்பாதான் சொன்னாரு. சம்பந்தி வீடுதானே, சும்மா குடுக்கறதுக்கு நல்ல மெத்தை எதுக்குன்னு. அந்த லாட்டுல ஒண்ண எடுத்துக் குடுக்கச் சொன்னாரு."

பெரியவள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இங்கே காலை எடுத்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறும், வண்டி நடுத்தெருவில் செத்து நிற்கும். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாமனார் அந்த மெத்தையைப் பளபளக்கும் கவரோடு கொடுத்த நாளில் அவள் எவ்வளவு பெருமைப்பட்டாள்! தானே வண்டியில் வைத்துக் கொண்டுபோய், தானே விரித்து, தானே அப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்தாள். அப்புறம் வாரக்கணக்கில் மூக்கைச் சுளித்துக்கொண்டு, தங்கையைப் பார்த்து...

வண்டி மேட்டில் ஏறியது. அவள் நனைந்த பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி விட்டாள். பிடி கிடைத்ததும் ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காபி மட்டும்தான் வந்தது.

"நாத்தம் ஒத்துக்கல போல" என்றான் சின்னவன்.

பெரியவள் வாயைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். சென்ட், கைக்குட்டை, மடியில் கழற்றி வைத்திருந்த வெள்ளை ஷூ. இவனுக்குச் சோறு போட்டிருக்கிறோமே என்று அவளுக்குக் கூசியது.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியாம கடைல என்ன நடக்கும்?"

அவள் வண்டியைத் திருப்பினாள்.

"அண்ணி, ஷெட் அந்தப் பக்கம்!"

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"லோடோடவா? அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"உங்கப்பா பேச்ச எடுக்காத. இன்னிக்கு அந்தப் பேச்ச எடுத்தா இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

தங்கை வீட்டுத் தெருவின் முனையில் தண்ணீர் எந்த ஆழம் என்று தெரியவில்லை. முன்னால் போன வண்டி எதுவும் இல்லை. போன மாதம் குழாய் பதிக்கத் தோண்டிய தெரு அது. பெரியவள் தார்ப்பாய்க் கம்பையும் கயிற்றையும் எடுத்தாள். கயிற்றின் ஒரு முனையைப் பம்பரில் கட்டி, மறுமுனையைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"இறங்கு. இடுப்புல கட்டிக்கோ. முன்னாடி கம்ப ஊனிப் பாத்துட்டே நட. முழங்காலத் தாண்டினா கையக் காட்டு."

"நானா? இதுலயா?" அவன் தண்ணீரைப் பார்த்தான். ஏதோ மஞ்சளாக மிதந்து போனது. "சீ! நான் மாட்டேன்."

"அப்ப நான் நடக்கறேன். நீ ஓட்டு."

அவனுக்கு ஓட்டத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

சின்னவன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். முதல் அடியிலேயே "ஐயோ" என்றான். ஏதோ வழவழப்பை மிதித்திருக்க வேண்டும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினால் கம்பு நழுவியது, கம்பைப் பிடித்தால் கைக்குட்டை நழுவியது. கடைசியில் கைக்குட்டை தண்ணீரோடு போயே போய்விட்டது. பெரியவள் சிரிக்கவில்லை. அவன் கம்பு திடீரென்று உள்ளே போன இடத்தில் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினாள். தோண்டிய குழி அதுதான்.

மின்கம்பி எதுவும் அறுந்து கிடக்கிறதா என்று மேலே ஒரு கண், தண்ணீரில் ஒரு கண்ணாக, ஊர்ந்து ஊர்ந்து தங்கை வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இரண்டு படி முழுகியிருந்தது. இன்னும் ஒரு படிதான் மிச்சம்.

தங்கை ஜன்னலில் நின்றாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"என்ன வேணும்?"

"கதவத் திற."

"உள்ள நாறும். நீ தாங்க மாட்ட."

பெரியவள் படியேறிக் கதவருகே வந்து நின்றாள். தங்கை அவளைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கினாள்.

அறைக்குள் நுழைந்த பெரியவள் அப்படியே நின்றாள். தெரு முழுக்க நாறும் அன்று, அந்த அறையில் சோப்பு வாசனைதான் வந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கீழே இருந்தது புது மெத்தை. நீலக் கோடு போட்டது, கடையின் முதல் தரம்.

"இது எப்ப வந்துது?"

"அத்தான் கொண்டாந்தாரு, போன வாரம். பழசச் சுருட்டி ஆட்டோல ஏத்திட்டுப் போயிட்டாரு. அன்னிலேருந்து நாத்தமே இல்ல." தங்கை அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பையில் திணித்தபடி சொன்னாள். "உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

"ஏனாம்?"

"அது எனக்கென்ன தெரியும்? உங்க வீட்டு விஷயம்."

கணவனுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரிதோறும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தங்கையைப் பற்றி அவள் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "விடு, அவ குணம் அப்படித்தான்" என்று தலையைத் தடவியவன். மெத்தையை மாற்றத் தெரிந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. மாமனார்மீதும் கொழுந்தன்மீதும் வந்தது அருவருப்பு. இது அதைவிடக் கீழே, எலும்புக்குள் போனது.

"அந்த மெத்தை சாக்கடைல ஊறினதுடி" என்றாள் பெரியவள். "போன மழைல. காய வச்சு, உறை மாத்திக் குடுத்துட்டாங்க. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

தங்கையின் கை பைக்குள்ளேயே நின்றது.

"நீ என்னைப் பத்தி என்னென்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எல்லாமேயா?"

"எல்லாமே."

தங்கை அவளை முறைத்துப் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் குரல் இறங்கவில்லை. "அப்புறம் பேசிக்கலாம். தண்ணி ஏறுது. நீ கால் பக்கம் பிடி."

இருவரும் அப்பாவைப் போர்வையோடு தூக்கினார்கள். சின்னவனும் ஒரு கை கொடுக்க வந்தான். "நீ தொடாத" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வாசலுக்கு வந்ததும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஊறிய மெத்தைகளின் நாற்றம் முகத்தில் அறைந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார். முகம் சட்டென்று சுருங்கியது. கண்கள் இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தன.

"நான் இல்லம்மா" என்றார் மெதுவாக. "சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல."

பெரியவளின் கால் படியிலேயே நின்றது.

"எந்தத் தடவையும் நீங்க இல்லப்பா" என்றாள் தங்கை. "நட அக்கா."

அப்பாவை முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, தங்கை பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். சின்னவன் கதவருகே வந்து நின்றான்.

"எனக்கு எடம்?"

"பின்னாடி."

"அதும்மேலயா? அண்ணி, அது பூரா..."

"காய வச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் வண்டியைக் கிளப்பினாள். அவன் மெத்தைகளின்மேல் தொற்றி ஏறினான். அவன் உட்கார்ந்த இடத்தில் 'பொசக்' என்று தண்ணீர் பிதுங்கும் சத்தம் உள்ளேவரை கேட்டது.

வந்த தடத்திலேயே, அதே குழியை ஒதுக்கி, மெல்ல வெளியே வந்தார்கள். பிரதான சாலையில் ஏறியதும் தங்கை கேட்டாள்.

"எங்க போறோம்? உன் வீட்டுக்குன்னா அப்பாவ நான் இங்கயே இறக்கிடுவேன்."

"அந்த வீட்டுக்கு இல்ல. மேட்டுத்தெரு முதியோர் இல்லம். தண்ணி வராது, டாக்டரும் வருவாரு. ஒரு கட்டில் கேக்கலாம்."

"அங்கயும் உங்க கடை மெத்தைதானே?"

"அதுக்காகவும்தான் போறேன்." பெரியவள் கண்ணாடியில் பின்னால் இருந்த மெத்தைகளைப் பார்த்தாள். "போன மழைக்கு அப்புறம் போன முதல் பெரிய லோடு அங்கதான். வயசானவங்கடி எல்லாரும். பாதிப் பேர் எந்திரிக்க முடியாதவங்க. அப்பாவக் கம்பளி விரிச்சுப் படுக்க வச்சுக்கலாம். அந்த மெத்தைய எல்லாம் முதல்ல வெளிய தூக்கிப் போடச் சொல்லணும்."

தங்கை அப்பாவின் தலை ஆடாமல் தோளில் தாங்கிக்கொண்டாள்.

மேட்டுத்தெருவுக்கு முன்னால் கடைசியாக ஒரு பள்ளம். பெரியவள் அதில் வண்டியை இறக்கியபோது போன் அடித்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. தங்கை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மெத்தையெல்லாம் பத்திரமா ஏத்தியாச்சா?" என்றது கணவனின் குரல்.

அவள் வண்டியைப் பள்ளத்தின் நடுவில் பிடித்து ஓட்டினாள்.

"தம்பி மெசேஜ் போட்டான். எங்க இருக்க?"

"இல்லத்துக்குப் போற பள்ளத்துல. அப்பா இருக்காரு. தங்கச்சி இருக்கா. கேட்டுட்டு இருக்கா."

அவன் குரல் தணிந்தது. கோபம்கூட இல்லை. வாடிக்கையாளரிடம் பேசும் அதே பக்குவமான குரல்.

"யோசிச்சுப் பண்ணு. போன தடவை அந்த லோட அங்க கொண்டு போனது யாரு? நானா, அப்பாவா? ரூம் ரூமாத் தூக்கிட்டுப் போய் விரிச்சது நீ. உக்காந்து பாருங்க, நல்லாருக்கான்னு கேட்டது நீ. அவங்களுக்கு எங்க யாரையும் தெரியாது. உன் முகத்தத்தான் தெரியும். தெரியாம பண்ணேன்னு நீ சொன்னா, நம்புவாங்களா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். பெரியவள் திரும்பவில்லை. தண்ணீர் பம்பரைத் தொட்டது.

"கேக்குதா? ஹலோ?"

"வச்சிடுடி" என்றாள் பெரியவள்.

பள்ளம் முடிந்து சாலை உயர்ந்தது. இல்லத்தின் இரும்புக் கேட் தெரிந்தது. மாடி வராந்தாவில் வெள்ளம் பார்க்க நின்றிருந்த வயதானவர்கள் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவர் கையசைத்தார். பக்கத்தில் நின்றவரும் அசைத்தார். வாக்கரைப் பிடித்து நின்ற ஒரு அம்மாள் ஒரு கையை விட்டுச் சிரித்தபடி அசைத்தார்.

பெரியவளால் பதிலுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. ஹாரனை அழுத்தி, கேட்டைத் திறக்கச் சொன்னாள்.